அலுப்பு வேலைக்கு அறிவுள்ள இயந்திரம்



நெல்லைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பேசுகிற இடத்தில் இன்றைக்குக் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசப்போகிறோம். "நமக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று யாரும் எழுந்து போயிடாதீங்க. சம்பந்தம் ஏற்பட்டு ரொம்ப நாள் ஆச்சு. ரேஷன் கடையில் விரல் வைக்கிறோமே, அந்தக் கருவிக்குப் பின்னால் கம்ப்யூட்டர் இருக்கு. சிட்டா எடுக்கிறோமே, அதுவும் அதிலிருந்துதான் வருது. நோய் கண்ட இலையைச் செல்போனில் படம் பிடித்தால் 'இது இன்ன நோய்' என்று சொல்கிற செயலிகளும் வந்துவிட்டன. இப்படிப் பார்த்து, கேட்டு, தானே பதில் சொல்கிறதைத்தான் அறிவுள்ள கம்ப்யூட்டர் என்கிறார்கள். பத்திரிகைகளில் செயற்கை நுண்ணறிவு என்று எழுதுகிறார்கள்.

பெயர் பெரிசா இருக்கே என்று பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். எந்த வேலையை அதனிடம் விடலாம், எதை விடக்கூடாது என்பது தெரிந்தால் போதும். அதைத் தெரிந்துகொள்ள வெளிநாடு போகத் தேவையில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை ஒட்டி இருக்கிற முள்ளிப்பட்டு வரைக்கும் போனால் போதும்.

ஆரணி என்றதும் இரண்டு சங்கதி ஞாபகத்துக்கு வரும். ஒன்று அரிசி, இன்னொன்று பட்டு. முள்ளிப்பட்டில் பட்டுத்தறி ஓடுகிற வீட்டுக்குள் போய், தறிக்கு மேலே நிமிர்ந்து பாருங்க. ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து துளை போட்ட அட்டைகள், ஒன்றோடொன்று கோத்து, மாலை மாதிரி தொங்கும். அதுக்கு ஜக்கார்டு பெட்டி என்று பேர். 120 கொக்கி, 240 கொக்கி என்று கணக்குச் சொல்வார்கள். சேலைக் கரையில் வருகிற மாங்காயும் மயிலும் அந்த அட்டையில்தான் ஒளிஞ்சிருக்கு.

அது வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் கவனிங்க. நெசவாளி மிதியை மிதிக்கிறார். ஓர் அட்டை வந்து ஊசிகளுக்கு எதிரே நிற்கிறது. அட்டையில் துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும். அந்தக் கொக்கி மேலே தூக்கும். அதில் கட்டிய பாவு இழையும் எழும்பும். துளை இல்லாத இடத்தில் ஊசி முட்டிக்கொண்டு பின்னால் தள்ளப்படும், கொக்கி தப்பிப்போகும், இழை கீழேயே கிடக்கும். எழும்பிய இழைக்கும் கிடக்கிற இழைக்கும் நடுவே நாடா ஓடும். அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை. துளை உண்டு என்றால் தூக்கு, இல்லை என்றால் விடு. இந்த இரண்டே சொல்லை வைத்து மயில் நெய்கிறார்கள்.

இந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் எப்படி? அடை கட்டி நெய்தார்கள். எந்த வரிக்கு எந்த இழை எழும்ப வேண்டுமோ அதைக் கயிறு கட்டி வைத்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து வரிசை தப்பாமல் இழுக்க வேண்டும். அந்த ஆள் பல வீட்டில் சின்னப் பையன்தான். நம் ஊரில் மட்டும் இல்லை, பிரான்சு நாட்டில் லியோன் என்கிற பட்டு நெசவு ஊரிலும் இதே கதை. நாள் முழுக்கக் கயிறு இழுக்கிறது பிள்ளைகள் வேலையா இருந்தது. அங்கே ஜோசப் மரி ஜக்கார் என்பவர் 1804-ஆம் வருஷம் இந்த அட்டைப் பெட்டியை ஒழுங்குபடுத்திக் கொண்டுவந்தார். நெசவாளிகள் 'பொழப்புப் போச்சு' என்று அவரைக் கடுமையா எதிர்த்தார்கள். எதிர்த்ததிலும் நியாயம் இருந்தது. ஆனால் பிள்ளை கயிறு இழுக்கிற வேலை போனதுக்காக இன்றைக்கு யாரும் அழுவதில்லை.

ஜக்கார் பெயர்தான் நம் வாயில் ஜக்கார்டு ஆகி முள்ளிப்பட்டு வரைக்கும் வந்திருக்கு.

இந்தத் துளை போட்ட அட்டைதான் கம்ப்யூட்டருக்கு மூத்த தலைமுறை என்றால் நம்புவீங்களா? இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற கணக்கு வாத்தியார் 1830-களில் கணக்குப் போடுகிற ஓர் இயந்திரத்துக்குத் திட்டம் போட்டார். அதற்கு உத்தரவு கொடுக்க ஜக்கார்டு அட்டையையே எடுத்துக்கொண்டார். அந்த இயந்திரம் கட்டி முடியவில்லை. அமெரிக்காவில் 1880-இல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கைக் கையால் கூட்டி முடிக்க ஏழெட்டு வருஷம் இழுத்தது. 1890 கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் என்பவர் ஆளுக்கு ஓர் அட்டை போட்டு, வயது, தொழில், பிறந்த இடம் எல்லாவற்றையும் துளையாகக் குத்தி, இயந்திரத்தில் எண்ண வைத்தார். வேலை மளமளவென்று முடிந்தது. அவர் ஆரம்பித்த கம்பெனி வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து, 1924-இல் ஐ.பி.எம். என்று பேர் மாற்றிக்கொண்டது. இந்தியாவுக்கு முதல் கம்ப்யூட்டர் 1955-இல் கல்கத்தாவில் புள்ளியியல் கழகத்துக்கு வந்து சேர்ந்தது.

இந்த மாதிரி இயந்திரங்கள் எடுத்துக்கொண்ட வேலைகளைப் பாருங்க: எண்ணுவது, கூட்டுவது, வரிசை பார்ப்பது, ஞாபகம் வைப்பது. மனுஷன் செய்தால் அலுத்துப்போவான், அலுத்தால் தப்பு விடுவான். ரயில் டிக்கெட்டையே எடுத்துக்குங்க. முன்னாலெல்லாம் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு பேரேடு. அந்தப் பேரேடு எந்தக் கவுண்டரில் இருக்கோ அந்த வரிசையில்தான் நிற்கணும். 1985, 86 வாக்கில் டில்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு வந்து, பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. எந்தக் கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் சீட்டு வாங்கலாம் என்றான பிறகு அந்தப் பேரேட்டைத் திரும்பக் கேட்டவர் யார்?

இதுவரைக்கும் சொன்னது, மனுஷன் வகுத்துக் கொடுத்த விதிப்படி ஓடுகிற இயந்திரம். அந்த மாதிரி விதி உங்க கையிலேயே ஒன்று இருக்கு. நெல்லுக்கு இலை வண்ண அட்டை என்று கேள்விப்பட்டிருப்பீங்க. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாக நிறம் போட்ட சின்ன அட்டை. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை, வயலில் பத்துக் குத்துகளில், மேலே நன்றாக விரிந்த இலையை அட்டையோடு ஒட்டிப் பார்க்கணும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்று ஓர் எல்லை. பத்து இலையில் ஆறு அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து போடணும். இல்லை என்றால் போடக்கூடாது. அவ்வளவுதான் விதி. பக்கத்து வயல்காரர் யூரியா போட்டுட்டாரே என்று நாமும் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம் பாருங்க, அந்தப் பழக்கத்தை இந்தச் சின்ன அட்டை தடுக்கும். தழைச்சத்து மிஞ்சினால் பயிர் தளதளவென்று நிற்கும். புகையானும் குலைநோயும் தேடி வரும்.

பார்க்கும்போது வெயில் நேரே அட்டையில் விழாமல் உங்க உடம்பு நிழலில் பாருங்க. ஒவ்வொரு வாரமும் அதே ஆள், காலை எட்டு முதல் பத்துக்குள் பார்த்தால் நல்லது. ஆள் மாறினால் கண் மாறும்.

சரி, விதியாக எழுதிக் கொடுக்க முடியாத வேலை இருக்கே, அதுக்கு என்ன செய்வது? கருப்பு விழுந்த அரிசியை நல்ல அரிசியிலிருந்து பிரிக்கச் சொல்லுங்க. எட்டு வயசுப் பெண்குழந்தை பிரிச்சிடும். ஆனால் 'எப்படிம்மா கண்டுபிடிச்சே?' என்றால் சொல்லத் தெரியாது. பார்த்துப் பார்த்துப் பழகியது. இப்போது வந்திருக்கிற அறிவுள்ள கம்ப்யூட்டர் இப்படிப் பார்த்துப் பழகுகிற ரகம். நல்லது ஆயிரம், கெட்டது ஆயிரம் என்று படம் காட்டுவார்கள். எது எந்த வகை என்று பெயரும் சொல்லிக் கொடுப்பார்கள். அது தானே வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இதில் கண் வைத்துப் பிரிக்கிற வேலையை மட்டும் பார்க்கணும் என்றால் பெரிய அரிசி ஆலைக்குப் போங்க. ஆலைக்காரர்கள் சார்ட்டெக்ஸ் என்றும் கலர் சார்ட்டர் என்றும் சொல்கிற இயந்திரம் இருக்கும். தீட்டிய அரிசி சரிவான தகட்டில் ஒவ்வொரு மணியாகப் பிரிந்து வழுக்கிக்கொண்டு கீழே வரும். விளக்கு வெளிச்சத்தில் கேமரா அதைப் பார்க்கும். கருப்பு மணியோ பழுப்பு மணியோ கண்ணில் பட்டால், அது விழுந்துகொண்டிருக்கும்போதே ஒரு சின்னக் காற்றுக் குழாய் 'புஸ்' என்று ஊதி அதை மட்டும் வேறு பக்கம் தள்ளும். கண் சிமிட்டுகிற நேரத்தில் பல மணிகளுக்குத் தீர்ப்புச் சொல்லி முடிச்சிருக்கும். காலையிலும் அதே கண், ராத்திரி பதினோரு மணிக்கும் அதே கண்.

ஆனால் அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவரிடம் ஒரு விஷயம் கேளுங்க. கண்ணை எவ்வளவு இறுக்கி வைப்பது என்று அதில் ஒரு திருப்பு உண்டு. இறுக்கினால் கருப்பு மணி ஒன்றுகூடத் தப்பாது; ஆனால் லேசாக நிறம் மங்கிய நல்லரிசியும் சேர்ந்து வெளியே போகும். தளர்த்தினால் நல்லரிசி மிச்சமாகும்; கருப்பு நாலு மணி உள்ளே வந்துவிடும். இரண்டும் ஒரே சமயத்தில் கிடைக்காது. இயந்திரம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமா இருந்தாலும், எங்கே நிறுத்துவது என்பதை மனுஷன்தான் முடிவு பண்ணணும். ஒதுக்கித் தள்ளியதை ஆலைக்காரர் அப்படியே விட்டுவிட மாட்டார். திரும்ப ஒரு தடவை ஓட்டி, தப்பாகப் போன நல்லரிசியை மீட்பார். இந்த இரண்டாவது ஓட்டத்தை நெஞ்சில் வைங்க, பின்னால் அதுக்கு வரேன்.

அதற்குள் ஒரு கேள்வி வரும். "முறத்தை வச்சுக்கிட்டு ஆலையில் அரிசி பொறுக்கின பொம்பளைங்க என்ன ஆனாங்க?" நியாயமான கேள்விதாங்க. அந்த வேலை குறைந்துபோனது உண்மை. இயந்திரம் வந்தால் எல்லாருக்கும் புது வேலை கிடைக்கும் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. யார் கையிலிருந்து வேலை போகுதோ அவர்கள் கைக்கே புது வேலை வருவதில்லை. தறியிலும் இதைப் பார்க்கலாம். முன்னே டிசைன் எழுதுகிறவர் கட்டம் போட்ட தாளில் பூவை வரைந்து, கட்டம் கட்டமாக எண்ணி, அட்டை அட்டையாகத் துளை குத்துவார். பெரிய முந்தானை என்றால் கண் பூத்துப்போகும். இப்போது டிசைனைக் கம்ப்யூட்டரில் போட்டால் கட்டத்தை அதுவே பிரிக்கிறது. சில தறிகளில் அட்டையே இல்லாமல் மின்சார ஜக்கார்டும் வந்திருக்கு. கட்டம் எண்ணுகிற வேலை மட்டும் தெரிந்தவருக்கு இது நஷ்டம். எந்தப் பூ எந்தக் கரைக்கு எடுக்கும், எந்த வர்ணத்தோடு எது சேரும் என்று தெரிந்தவருக்கு லாபம். அதனாலே பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக் கொடுக்கும்போது எண்ணுவதை மட்டும் சொல்லிக் கொடுத்து நிறுத்திடாதீங்க என்பேன். வேலை போனவர்களுக்குச் சங்கமும் சர்க்காரும் வழி பண்ணணும். அது இயந்திரம் வாங்குகிற அன்றைக்கே பேச வேண்டிய பேச்சு.

இப்போ வயலுக்கு வருவோம்.

செல்போனில் இலையைப் படம் பிடித்தால் நோய் சொல்கிற செயலிகள் இருக்கு என்றேன். 2024 ஆகஸ்டில் மத்திய வேளாண் அமைச்சகமே தேசிய பூச்சி கண்காணிப்பு முறை என்று ஒன்றைத் தொடங்கியது. விவசாயி அனுப்புகிற படத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துப் பூச்சியை அடையாளம் காட்டும். நல்ல காரியம். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு புழுவைப் பார்த்துவிட்டு, விடிகிற வரைக்கும் யாரைக் கேட்பது என்று தவிக்க வேண்டாம். ஆனால் அதுக்குத் தெரிவது நீங்க காட்டுகிற படம் மட்டும்தான். இங்கேதான் விவசாயி கவனமாக இருக்கணும்.

நெல் மஞ்சளடிக்கிறது என்று வச்சுக்குவோம். மஞ்சள் ஒன்றுதான், காரணம் நாலு இருக்கு. அடியிலே உள்ள பழைய இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறை. நட்ட இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துரு மாதிரி பழுப்புப் புள்ளி விழுந்து பயிர் வளராமல் நின்றால் துத்தநாகக் குறை. நுனியிலிருந்து ஆரஞ்சு மஞ்சள் இறங்கி, அங்கங்கே திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாக நின்றால் துங்ரோ. அது பச்சைத் தத்துப்பூச்சி பரப்புகிற நோய். வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து எரிந்த மாதிரி நின்றால் புகையான். இதில் புகையான் இலையிலே உட்காருகிற பூச்சி கிடையாது. தண்ணீருக்கு மேலே, தூரின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். நீங்க இலையைப் படம் பிடித்து அனுப்பினால் கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரியும்? பாவம், அதன் கண்ணுக்குத் தெரிவது காய்ந்த இலை. அது ஏதாவது ஒரு நோய்ப் பெயரைச் சொல்லும். 'எனக்குத் தெரியலை, தூரைப் பிரிச்சுக் காட்டு' என்று கேட்க வேண்டிய இடத்தில் அது பெரும்பாலும் கேட்காது.

அந்த நோய்க்கு மருந்தும் வாங்கி அடிச்சாச்சு என்றால் என்ன ஆகும்? பணம் போவது ஒரு பக்கம். பைரித்ராய்டு வகை மருந்துகளை நெல்லில் அடித்தால் புகையான் குறைவதற்குப் பதிலாகப் பெருகும். அதைப் பிடித்துத் தின்னுகிற சிலந்திகளையும் நாமே கொன்றுவிடுகிறோமே! பத்து நாளில் வயலில் வட்டம் விழும். கடன் வாங்கிப் போட்ட பயிருக்கு இது சின்ன விஷயமா?

ஆகையால் புகையான் விஷயத்தில் எண்ணுகிற வேலையை நீங்களே செய்யுங்க. வரப்பிலிருந்து உள்ளே இறங்கி, பல இடத்தில் குத்தை விலக்கி, தூரின் அடியைப் பாருங்க. தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் மருந்து பற்றி யோசிக்கணும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரைக்கும் பொறுக்கலாம். தண்ணீரை வடிகட்டி வயலைக் காயப்போடுங்க. போனில் படம் எடுப்பதானால் இலை ஒன்று, முழுக் குத்து ஒன்று, பிரித்த தூரின் அடி ஒன்று, வயல் முழுக்கத் தெரிகிற மாதிரி ஒன்று என்று நாலு படம் எடுங்க. செயலி ஒரு பெயர் சொன்னால் 'சரி, இப்படியும் இருக்கலாம்' என்று வைத்துக்கொண்டு, மருந்துக் கடைக்குப் போகும் முன்னே வேளாண்மை உதவி அலுவலரிடம் கேட்டுக்குங்க. மருந்தின் அளவைப் போன் சொன்னாலும் புட்டியின் லேபிளில் போட்டிருக்கிற அளவுதான் கணக்கு.

கேள்வி கேட்பது என்றதும் ஒன்று ஞாபகம் வருது. 1960-களில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஆடுதுறை 27 என்ற நெல் பரவியபோது, திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் சொல்லிச் சொல்லி, ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் வைத்தார்கள். ரேடியோ ஊருக்கெல்லாம் பேசும். உங்க ஒருத்தர் கேள்விக்கு அந்த நிமிஷமே பதில் சொல்லாது. 2004 ஜனவரியில் கிசான் கால் சென்டர் வந்தது. 1800 180 1551 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் கூப்பிட்டால் மனுஷரே தமிழில் பதில் சொல்வார். 2023 செப்டம்பரில் கிசான் இ-மித்ரா என்று கம்ப்யூட்டரே பதில் சொல்கிற ஏற்பாடும் வந்தது. அதுக்கும் தமிழ் தெரியும். "பி.எம். கிசான் பணம் ஏன் வரலை? எந்தத் தவணை நிற்குது?" என்று லட்சக்கணக்கான பேர் கேட்பது ஒரே கேள்வி. அதற்கு ஓர் அலுவலர் நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால், தூரைப் பிரித்துப் பார்க்க வயலுக்கு யார் வருவது? ஒரே மாதிரிக் கேள்வி இயந்திரத்துக்கு, புது மாதிரிக் கேள்வி மனுஷருக்கு. அலுவலருக்கு மிச்சமாகிற நேரம் வயலுக்கு வரணும். அந்த நேரம் மேஜையிலேயே கழிந்தால் நமக்கு என்ன பிரயோஜனம்?

மழை விஷயத்திலும் இது கைகொடுக்க ஆரம்பிச்சிருக்கு. 2025 காரிப் பருவத்தில் மத்திய வேளாண் அமைச்சகம் 13 மாநிலங்களில் சுமார் 3 கோடியே 80 லட்சம் விவசாயிகளுக்குப் பருவமழை எப்போது தொடங்கும் என்று கம்ப்யூட்டர் கணிப்பைக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. அந்த வருஷம் மழை சீக்கிரமே வந்து, நடுவிலே இருபது நாள் போலே முன்னேறாமல் நின்றுபோனது. அந்த நிற்றலையும் கணிப்பு பிடித்தது என்கிறார்கள். முதல் மழையைப் பார்த்து விதை போட்டு, பிறகு மழை நின்று, விதை பொய்த்துப் போனவருக்குத்தான் இதன் அருமை தெரியும். பழைய வருஷங்களின் காற்று, வெப்பம், மழைக் கணக்கையெல்லாம் பார்த்துப் பழகிய கம்ப்யூட்டர் அது. அத்தனை கணக்கை எந்த மனுஷனும் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் அது சொல்வது ஒரு வட்டாரத்துக்கு. உங்க மேட்டு வயலா பள்ள வயலா, ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று அதுக்குத் தெரியாது.

இப்போ அரிசி ஆலையின் இரண்டாவது ஓட்டத்துக்கு வரேன். தறியில் ஓர் அட்டை மாறிக் கோத்திருந்தால், மயிலுக்கு மூக்கு கோணலாக விழும். நெசவாளி உடனே பார்ப்பார், காலை நிறுத்துவார், அட்டையைச் சரிபண்ணுவார். தப்பு அவர் கண்ணெதிரே நடக்கிறது, நிறுத்துகிற மிதியும் அவர் காலடியில் இருக்கிறது. ஆலையில் தப்பாகத் தள்ளிய அரிசி திரும்ப ஓடுகிறது. இந்த மாதிரி இடத்தில் இயந்திரத்தைத் தைரியமா வைத்துக்கொள்ளலாம். தப்பு யார் தலையில் விழுதோ அவருக்கு நிறுத்துகிற வழி இல்லாத இடத்தில்தான் வம்பு.

ரேஷன் கடையைப் பாருங்க. தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் விரல் ரேகை வைத்துப் பொருள் வாங்குகிற முறை வந்தது. ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் எடுக்காமல் தடுப்பதற்குச் செய்த ஏற்பாடு, நோக்கம் சரிதான். ஆனால் நாற்பது வருஷம் களை பிடுங்கிய விரலுக்கும், பட்டு இழையும் சாயமும் புழங்கிய விரலுக்கும் ரேகை தேய்ந்துதானே இருக்கும்? கருவி 'பொருந்தவில்லை' என்று சொல்லும். கருவிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எதிரே நிற்பது ஊரே அறிந்த பாட்டி என்று அதுக்குத் தெரியாது, கடைக்காரருக்குத் தெரியும். ஆகவே கருவி இல்லை என்று சொன்னதும் வெறும் பையோடு திரும்பி வராதீங்க. வேறொரு விரலை வைத்துப் பாருங்க. குடும்ப அட்டையில் பெயர் உள்ள வேறொருவர் வரலாம். போனுக்கு வரும் எண்ணைச் சொல்லி வாங்கவும், நடக்க முடியாத வயசானவர்கள் தங்களுக்குப் பதிலாக ஓர் ஆளை எழுதிக் கொடுக்கவும் வழி உண்டு. கருவிழி பார்க்கிற கருவியும் பல கடைகளுக்கு வந்திருக்கு. உங்க கடையில் எது உண்டு என்று கேளுங்க. மறுத்தால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்க.

பட்டா விஷயமும் இப்படித்தான். பட்டா, சிட்டா எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியதால் தாலுகா ஆபீசுக்கு நடக்கிற நடை குறைஞ்சிருக்கு. இது பெரிய சௌகரியம். ஆனால் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றும்போது அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலோ, பரப்பில் ஒரு சென்ட் குறைந்திருந்தாலோ, கம்ப்யூட்டர் அந்தத் தப்பையே அலுக்காமல் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்தக் காலத்துக் கர்ணமாவது ஒரு நாள் 'இது நம்ம மேலத்தெருக்காரர் நிலமாச்சே' என்று யோசிப்பார். இது யோசிக்காது. அதனாலே வேலை எதுவும் இல்லாத நாளில், வேலையே இல்லையென்றாலும், உங்க சிட்டாவை ஒரு தடவை எடுத்து, பழைய பத்திரத்தோடு வைத்து, எழுத்துக்கு எழுத்துப் படித்துப் பாருங்க. படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. கடன் வாங்கப் போகிற அன்றைக்குத் தப்பைக் கண்டுபிடித்தால் அந்தப் பருவமே போயிடும்.

நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற கருவிக்கும் இதேதான். பொதுவாக 17 சதவீதம் என்பது எல்லை. கருவி காட்டுகிற எண்ணை நீங்களும் எட்டிப் பாருங்க. ஒரே மூட்டையில் பார்க்காமல் நாலு மூட்டையிலிருந்து எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். நோய்ப் பயிரை வேளாண்மை விரிவாக்க மையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டும்போது இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போகாதீங்க. நோய் கண்ட குத்து ஒன்று, பக்கத்தில் நல்லா இருக்கிற குத்து ஒன்று, இரண்டையும் வேரோடும் கொஞ்சம் மண்ணோடும் பிடுங்கித் தனித்தனிப் பையில் போடுங்க. பையில் தண்ணீர் ஊற்றாதீங்க. போய்ச் சேருவதற்குள் அழுகிடும். நட்ட தேதி, போட்ட உரம், அடித்த மருந்து மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பைக்குள்ளே வைங்க. செயலியில் கேட்டிருந்தால் அது என்ன சொன்னது என்பதையும் அதிலேயே எழுதிடுங்க.